கட்டியின் மீட்டர் ரீடிங்: பரவுமா என்று ஜீன் டெஸ்ட் சொல்லிவிடுமா?

வில்லிவாக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 57 வயது. இடது மார்பில் இருந்த 2.2 செ.மீ. கட்டியை ஆபரேஷனில் எடுத்தாகிவிட்டது. அக்குளில் எடுத்த நிணநீர் முடிச்சுகளில் புற்று இல்லை. ரிப்போர்ட்டில் ஈ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ் (அதாவது ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளரும் கட்டி), ஹெர்-2 என்ற வளர்ச்சிப் புரதம் நெகட்டிவ், கிரேடு 2 (செல்கள் பார்வைக்கு எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதற்கு 1 முதல் 3 வரை போடும் மதிப்பு). "கீமோ கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு ஜீன் டெஸ்ட் இருக்கிறது, சில லட்சம் ஆகும், யோசித்துச் சொல்லுங்கள்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் கேட்பது மூன்று. அந்த டெஸ்ட் புற்று பரவுமா என்று சொல்லிவிடுமா? நகையை அடகு வைத்தாவது எடுக்க வேண்டுமா? தங்கைக்கும் அதே டெஸ்ட்டை எடுக்க வேண்டுமா?

நான் டாக்டர் இல்லை. சென்னையில் பேத்தாலஜி லேபில் இருபது வருடத்துக்கு மேல் திசு வெட்டியவன். கடைசிச் சில வருடம் ஆர்.என்.ஏ. பிரிக்கும் மேசையில் இருந்தேன். மருந்தைப் பற்றி உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. டெஸ்ட் என்ன பார்க்கிறது, எதைப் பார்க்காது என்பதை நான் சொல்ல முடியும்.

தங்கை விஷயம் சுலபம், அதை முதலில் முடித்துவிடலாம். அம்மாவுக்குச் சொன்ன டெஸ்ட்டால் தங்கைக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. 'ஜீன் டெஸ்ட்' என்று ஒரே பெயரில் இரண்டு வேறு சங்கதிகளைக் கூப்பிடுவதால் வருகிற குழப்பம் இது. ஒன்று, ரத்தத்திலோ எச்சிலிலோ எடுப்பது. பி.ஆர்.சி.ஏ. போன்ற மரபணுக்களில் பிறவியிலேயே பிழை இருக்கிறதா என்று பார்ப்பது. மார்பகப் புற்றில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரை அந்த வழியில் வருகிறது. வீட்டில் இளம் வயதிலேயே மார்பகப் புற்று வந்தவர்கள், சினைப்பைப் புற்று வந்தவர்கள், அல்லது ஆண் ஒருவருக்கே மார்பகப் புற்று வந்தது என்றால் அதை யோசிக்க வேண்டும். உங்கள் குடும்பத்தில் அப்படி யாராவது உண்டா என்று டாக்டரிடம் தனியாகப் பேசுங்கள். இன்னொன்று, அம்மாவுக்குச் சொன்னது. அது கட்டியில் மட்டும் பார்ப்பது. கட்டிக்குள் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்துகொண்டிருக்கிறது என்ற அளவு. 'மரபணு வெளிப்பாடு' என்று பாடப்புத்தகத்தில் சொல்வது இதைத்தான். இது அம்மாவின் மற்ற செல்களுக்கே பொருந்தாது, மகளுக்கு எப்படிப் பொருந்தும்?

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஃபிளாட்டுக்கும் பில்டர் ஒரே மாதிரி வயரிங்தான் போட்டிருக்கிறார். ஆனால் இ.பி. ரீடிங் ஒன்றாகவா வருகிறது? ஒரு வீட்டில் ஃபேனும் டியூப்லைட்டும்; இன்னொன்றில் மூன்று ஏ.சி. இரவு பகலாக ஓடுகிறது. வயரிங்கில் பழுதா என்று பார்ப்பது முதல் வகை டெஸ்ட். மீட்டரைப் படிப்பது இரண்டாவது. டி.என்.ஏ. நம் எல்லாச் செல்லிலும் ஏறத்தாழ ஒன்றுதான். எந்த மரபணு ஓடுகிறதோ அதிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற நகல் உருவாகும். அந்த நகலை எண்ணினால் மீட்டர் ரீடிங் கிடைத்துவிடும். 2025-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் இந்திய மார்பகப் புற்று நோயாளிகளின் மரபணுத் தொகுப்பை வெளியிட்டபோது, "அப்போ அந்த டெஸ்ட் இங்கேயே வந்துடுச்சா சார்?" என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டார்கள். அந்தத் தொகுப்பு வயரிங் வகை. பெரிய வேலைதான், ஆனால் இந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். பரவுமா என்று சொல்லுமா?

புற்று பரவுவது பற்றி 1889-இலேயே லண்டனில் ஸ்டீபன் பேஜெட் என்ற அறுவை மருத்துவர் ஒரு சங்கதியைக் கவனித்தார். மார்பகப் புற்றில் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தால், புற்று கண்ட இடத்துக்கெல்லாம் போகவில்லை. சில உறுப்புகளையே தேடிப் போயிருந்தது. விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். அதற்கு அப்புறம் ஒரு நூற்றாண்டு மருத்துவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் அளவுகோலும் மைக்ராஸ்கோப்பும்தான்: கட்டி எத்தனை சென்டிமீட்டர், முடிச்சுக்குப் போயிருக்கிறதா, செல்கள் பார்வைக்கு எவ்வளவு கன்னாபின்னாவென்று இருக்கின்றன. இவை மூன்றும் இன்றைக்கும் செல்லும். ஆனால் ஒரே அளவு, ஒரே கிரேடு, முடிச்சு சுத்தம் என்று இருக்கிற இரண்டு பெண்களில் ஒருவர் பேரன் கல்யாணம் வரை பார்க்கிறார், இன்னொருவருக்கு மூன்றாம் வருடம் எலும்பில் வந்து நிற்கிறது. ஏன் என்று மைக்ராஸ்கோப் சொல்லவில்லை.

2002-இல் ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனத்தார் உறைநிலையில் வைத்திருந்த 78 கட்டிகளை எடுத்தார்கள். எல்லாரும் 55 வயதுக்குக் கீழே, எல்லாருக்கும் முடிச்சு சுத்தம். 34 பேருக்கு ஐந்து வருடத்துக்குள் வேறு உறுப்பில் வந்துவிட்டது; 44 பேருக்கு வரவில்லை. ஒவ்வொரு கட்டியிலும் சுமார் 25,000 மரபணுக்களின் ரீடிங்கை ஒரே சில்லில் (சிப்பில்) எடுத்து, இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்துக் காட்டுபவை எவை என்று சலித்தார்கள். 70 மரபணுக்கள் நின்றன. மாமாபிரிண்ட் என்று இன்று விற்கும் டெஸ்ட்டின் பிறப்பு அதுதான். அதுவரை, பரவும் திறமை கட்டிக்குள் கடைசிக் கட்டத்தில் ஒன்றிரண்டு செல்லுக்குத்தான் வாய்க்கும் என்று பலர் நம்பியிருந்தார்கள். 2003-இல் அமெரிக்காவில் ஸ்ரீதர் ராமசுவாமி குழுவினர், பரவிய இடத்துக் கட்டிகளின் சாயல் சில முதல் கட்டிகளிலேயே தெரிகிறது என்று காட்டினார்கள். குணம் ஆரம்பத்திலேயே, கட்டி முழுக்கவே இருக்கலாம் என்றால், ஆபரேஷன் அன்றே படித்துவிடலாமே! அந்த ஆசையில்தான் இந்தத் துறையே ஓடியது.

நடைமுறையில் ஒரு சிக்கல். உறைநிலையில் கட்டியை வைத்திருக்கிற ஆஸ்பத்திரி எத்தனை? உலகம் முழுக்கத் திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகில் புதைப்பதுதான் வழக்கம். அந்த மெழுகுத் துண்டை 'பிளாக்' என்போம். தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் கூட்டின் மேல் வெள்ளை மெழுகு, நடுவில் பழுப்பாகத் திசு. மைக்ரோடோம் என்ற வெட்டும் கருவியில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் நாலு மைக்ரான் கனத்தில் நாடா நாடாக வரும். மூச்சுவிட்டால் பறக்கும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் போனதும் ஸ்லைடில் ஏந்துவோம். ஆர்.என்.ஏ. எடுக்க வேண்டுமானால் கொஞ்சம் கனமாக வெட்டிச் சின்னக் குழாயில் சுருள் சுருளாகப் போட வேண்டும். மெழுகைக் கரைத்து, திசுவைச் செரிக்கவைத்து, கடைசியில் கையில் நிற்பது சில மைக்ரோ லிட்டர். கண்ணுக்குத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அதற்குள் ஆர்.என்.ஏ. முழுசாக இருக்காது, நொறுங்கித் துணுக்குகளாகத்தான் இருக்கும். அந்தத் துணுக்குகளை வைத்தே எண்ணலாம் என்று காட்டியதுதான் ஆன்கோடைப் டிஎக்ஸ் டெஸ்ட்டின் சாமர்த்தியம். 2004-இல் 668 பெண்களின் பழைய பிளாக்குகளைக் கொண்டு அதை நிரூபித்தார்கள். உங்கள் டாக்டர் சொன்னது இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு. பிளாக்கோ அதில் வெட்டிய துண்டுகளோ கலிஃபோர்னியாவில் ரெட்வுட் சிட்டிக்குப் போகும். ஓரிரு வாரத்தில் 0-விலிருந்து 100-க்குள் ஒரு எண் வரும்.

அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மொத்தம் 21 மரபணுக்கள். ஐந்து சும்மா ஒப்பிடுவதற்கு; எந்தச் செல்லிலும் ஓடிக்கொண்டே இருப்பவை, எடைக்கல் மாதிரி. மீதி 16. அதில் ஐந்து, செல் எவ்வளவு வேகமாகப் பிரிகிறது என்று சொல்பவை. உங்கள் ரிப்போர்ட்டில் 'கி-67' என்று ஒன்று இருக்குமே, அதுவும் இதில் ஒன்று. நாலு, ஈஸ்ட்ரோஜன் சம்பந்தப்பட்டவை. இரண்டு ஹெர்-2 பக்கம். இரண்டு, பக்கத்துத் திசுவை அரித்துக்கொண்டு போகும் நொதிகள். மூன்று உதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை போட்டுக் கூட்டிக் கழிக்கிறார்கள். வேகம் காட்டும் கூட்டத்துக்கு எடை 1.04. ஈஸ்ட்ரோஜன் கூட்டம் நல்ல பக்கம் இழுப்பதால் கழித்தல் 0.34. அரித்துக்கொண்டு போகும் கூட்டத்துக்கு? வெறும் 0.10.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். பரவுவதற்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை என்று நாம் நினைக்கும் மரபணுக்களுக்குக் கணக்கில் கிட்டத்தட்ட ஊறுகாய் அளவு இடம்தான். பெரும்பாலும் எண்ணை ஏற்றி இறக்குவது பிரிவின் வேகமும், கட்டி ஹார்மோனுக்கு எவ்வளவு கட்டுப்பட்டு இருக்கிறது என்பதும். ஆகவே அந்தக் கட்டிக்குள் 'பரவும் ஜீன்' என்று ஒன்று உட்கார்ந்திருப்பதாகவும், டெஸ்ட் அதைக் கண்டுபிடித்துவிடும் என்றும் நினைத்தால் ஏமாற்றம்தான். மீட்டர் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்து, இந்த வேகத்தில் சுற்றுகிற கட்டிகள் போன காலத்தில் எப்படி நடந்துகொண்டன என்று ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்பதால் மட்டம் என்றில்லை. ஜோசியம் இல்லை என்கிறேன்.

2011-இல் வந்த ஒரு ஆய்வு இதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த டேவிட் வெனே என்பவரும் கூட்டாளிகளும், மார்பகப் புற்றின் போக்கைச் சொல்வதாக வெளியான 47 மரபணுப் பட்டியல்களை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய பட்டியல்களோடு போட்டிக்கு விட்டார்கள். கூடவே குறும்பாக, சாப்பிட்ட பிறகு சிரித்தவர்களின் ரத்தச் செல்லில் மாறும் மரபணுக்கள், சண்டையில் தோற்ற எலியின் மூளையில் மாறும் மரபணுக்கள் என்று சம்பந்தமே இல்லாதவற்றையும் சேர்த்தார்கள். அவையும் புற்றின் போக்கைச் 'சொல்லின'! நூறு மரபணுவுக்கு மேல் எதை அள்ளினாலும் பத்தில் ஒன்பது தடவை தொடர்பு தெரிந்தது. வெளியான பட்டியல்களில் 60 சதவீதம், கண்ணை மூடிப் பொறுக்கியதைவிடப் பெரிதாக மேல் இல்லை. காரணம் அதே வேகம்தான். செல் பிரிய ஆரம்பித்தால் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் கூடவே ஏறி இறங்கும்; எதைக் கைநிறைய அள்ளினாலும் அதில் நாலைந்து வந்துவிடும். ஆகவே 'புதிய ஜீன் பட்டியல் கண்டுபிடிப்பு, புற்று பரவுவதை முன்கூட்டியே சொல்லும்' என்று செய்தி வரும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: கிரேடும் கி-67-உம் ஏற்கெனவே சொன்னதற்கு மேல் இது என்ன சொல்கிறது?

இன்னும் மோசமான கதையும் உண்டு. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 2006-இலிருந்து, எந்தக் கட்டிக்கு எந்த கீமோ கேட்கும் என்று மரபணு வெளிப்பாட்டை வைத்தே சொல்லிவிடலாம் என்று பெரிய பத்திரிகைகளில் கட்டுரைகள் வந்தன. நோயாளிகள் மேல் சோதனையும் ஆரம்பித்துவிட்டார்கள். கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியல் ஆட்கள் அதே தரவை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டபோது, அட்டவணையில் மரபணுப் பெயர்கள் ஒரு வரிசை தள்ளிப் போயிருந்தன. மருந்து கேட்கும், கேட்காது என்ற சீட்டே சில இடங்களில் தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது. 2010-இல் சோதனைகள் நின்றன. கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. மார்க் ஷீட்டில் ஒரு வரி தள்ளிப் போனால் ஒரு பையன் ஃபெயில் ஆவான். இங்கே என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால்தான், நிறைய பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சோதித்த டெஸ்ட்டுக்கு ஒரு மரியாதை, மற்றதற்கு இன்னொரு மரியாதை என்று வைத்திருக்கிறேன்.

அப்படிச் சோதித்தது உங்கள் அம்மா போன்றவர்களை வைத்துத்தான். டெய்லர்-எக்ஸ் என்ற ஆய்வில் 10,273 பெண்கள். முடிச்சு சுத்தம், ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ். ஆன்கோடைப் எண் 11-இலிருந்து 25-க்குள் வந்த 6,711 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஹார்மோன் மாத்திரை மட்டும், இன்னொரு பாதிக்கு கீமோவும் மாத்திரையும். 2018-இல் முடிவு வந்தது. ஒன்பது வருடத்தில் வேறு உறுப்புக்குப் பரவாமல் இருந்தவர்கள், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 94.5 சதவீதம், கீமோவும் சேர்த்து எடுத்தவர்களில் 95.0. அரை சதவீதம்! இருநூறு பேருக்கு முடி கொட்டி, வாய் வெந்து, வாந்தி எடுத்து, ஒருவருக்கு லாபம் இருந்தால் இருக்கும். அதுவும் தற்செயலாக இருக்கலாம். 50 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் எண் 16-உம் அதற்கு மேலும் போனால் கீமோவால் கொஞ்சம் பலன் தெரிந்தது. அதில் ஒரு பகுதி கீமோ மாதவிடாயை நிறுத்திவிடுவதால் வரும் பலனாக இருக்கலாம் என்பது பலருடைய கருத்து. அம்மாவுக்கு 57 என்பதால் அந்தக் கவலை இல்லை. அவருக்கு எண் 25 அல்லது அதற்குள் வந்தால், கீமோ வேண்டாம் என்று டாக்டர் தைரியமாகச் சொல்லலாம். டெஸ்ட்டுக்கு மதிப்பு அங்கேதான். ஒன்றிலிருந்து மூன்று முடிச்சு வரை புற்று போயிருந்தாலும், மாதவிடாய் நின்றவர்களுக்கு ஏறத்தாழ இதே மாதிரி முடிவு 2021-இல் இன்னொரு ஆய்வில் வந்தது. மாமாபிரிண்ட்டுக்கும் 6,693 பெண்களை வைத்து ஒன்று நடந்திருக்கிறது. பார்வைக்கு ஆபத்து அதிகம், மரபணுப்படி குறைவு என்று வந்தவர்களில், கீமோ எடுக்காதவர்களிலும் 94.7 சதவீதம் பேருக்கு ஐந்து வருடத்தில் பரவவில்லை.

எண் 26 வந்தால்? இங்கே இ.பி. கணக்கை மறந்துவிட வேண்டும். நம் ஊரில் 500 யூனிட்டைத் தாண்டி ஒரு யூனிட் போனாலும் பில் வேறு ஸ்லாபுக்குத் தாவிவிடும். கட்டிக்கு ஸ்லாப் தெரியாது. 25-உம் 26-உம் பக்கத்து வீட்டுக்காரர்கள். கோடு நாம் கிழித்தது. விளிம்பில் வந்தால் வயது, உடம்பு, சர்க்கரை, இதயம் எல்லாவற்றையும் வைத்துப் பேச வேண்டும். ஒருமுறை லேபில் ஒரு அம்மா என்னிடம், "மார்க் என்னப்பா வந்திருக்கு? பாஸா?" என்று கேட்டார். 31 என்றதும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. குறைந்தால்தான் நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; டாக்டரிடம் அனுப்பிவைத்தேன். அப்புறம் யோசித்தேன், அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது இன்னொன்று. 2004 ஆய்வில் 31-உம் அதற்கு மேலும் வந்தவர்களில் பத்து வருடத்தில் வேறு உறுப்பில் வந்தது 30.5 சதவீதம் பேருக்கு. அதாவது மோசமான கூட்டத்திலேயே பத்தில் ஏழு பேருக்கு வரவில்லை. அவர்கள் டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை மட்டும் எடுத்தவர்கள், கீமோகூட இல்லை. நல்ல கூட்டத்திலும் 6.8 சதவீதம் பேருக்கு வந்தது. எண் சொல்வது கூட்டத்தைப் பற்றி. உங்கள் அம்மா அந்தக் கூட்டத்தில் எந்த ஆள் என்பதை அது சொல்லாது.

அது பார்க்காத இடங்களும் உண்டு. 2012-இல் லண்டனில் ஒரே சிறுநீரகக் கட்டியைப் பல இடத்தில் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். ஒரு மூலையில் நல்ல போக்குக்கான ரீடிங், இன்னொரு மூலையில் கெட்ட போக்குக்கானது. மார்பகக் கட்டிக்கு இந்த அளவு மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் எந்த பிளாக்கை அனுப்புகிறோம் என்பது முக்கியம் என்று தெரிகிறது. அப்புறம் பேஜெட் சொன்ன மண். கட்டியைப் படித்தால் விதையைத்தான் படிக்கிறோம். எலும்பும் ஈரலும் எப்படி வரவேற்கும் என்பது அந்த பிளாக்கில் இல்லை. ஹார்மோன் வகைக் கட்டி பத்து, பதினைந்து வருடம் கழித்தும் திரும்பிவரக்கூடியது. அவ்வளவு தூரத்தை இந்த எண் அத்தனை நன்றாகப் பார்ப்பதில்லை. அதனால் எண் 8 வந்தது என்று ஹார்மோன் மாத்திரையை விட்டுவிடக் கூடாது. அந்த நல்ல சதவீதமெல்லாம் மாத்திரையை ஒழுங்காகப் போட்டவர்களுடையது. 'கீமோ வேண்டாம்' என்று டாக்டர் சொன்னதை 'வைத்தியம் வேண்டாம்' என்று காதில் வாங்கிக்கொண்டு மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு நெருடல், இந்த எண்களெல்லாம் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியப் பெண்களிடமிருந்து வந்தவை. சென்னையில் புற்றுநோய்ப் பதிவேடு 1980-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தபோது பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுதான் முதலிடம். இன்று மார்பகம். ஆனால் இங்கே வருகிறவர்கள் சராசரியாகப் பத்து வயது இளையவர்கள். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் நெகட்டிவாக வருகிற வகையும் இங்கே அதிகம். அந்த வகைக்கும் ஹெர்-2 பாசிட்டிவுக்கும் இந்த டெஸ்ட்டே கிடையாது. யாராவது எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

இனி நகை. என் கருத்தைச் சொல்கிறேன், டாக்டரிடம் வைத்துப் பாருங்கள். "ரிசல்ட் என்ன வந்தாலும் வைத்தியம் மாறாது" என்கிற நிலையில் டெஸ்ட் தேவையில்லை. கிரேடு 1, பி.ஆர். நன்றாகப் பாசிட்டிவ், கி-67 கம்மி என்றால் எண் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும்; கிரேடு 3, பி.ஆர். இல்லை, கி-67 எகிறி நிற்கிறது என்றால் அதிகமாகத்தான் வரும். நடுவில் தொங்குகிறவர்களுக்குத்தான் காசு போட்டதற்குப் பதில் கிடைக்கும். உங்கள் அம்மா கிரேடு 2, நடுவில்தான் இருக்கிறார். கி-67 எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, ரிப்போர்ட்டில் பாருங்கள். கேம்பிரிட்ஜில் உருவாக்கிய பிரெடிக்ட் என்ற இலவசக் கணக்கு இணையத்தில் இருக்கிறது. வயது, அளவு, கிரேடு, ஈ.ஆர்., ஹெர்-2, கி-67 எல்லாம் போட்டால், கீமோவால் நூற்றுக்கு எத்தனை பேருக்குப் பலன் என்று சொல்லும். டாக்டரோடு உட்கார்ந்து முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். பெங்களூரில் உருவான கேன்அசிஸ்ட் என்ற டெஸ்ட்டும் இருக்கிறது. அது ஆர்.என்.ஏ. பார்ப்பதில்லை, ஐந்து புரதங்களைச் சாயமேற்றிப் பார்த்து, கட்டியின் அளவு, கிரேடு, முடிச்சு மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும். விலை குறைவு, இந்தியப் பெண்களின் திசுக்களில் சரிபார்த்தது. பத்தாயிரம் பேரைப் பிரித்துக் கீமோ கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்த சோதனை அதற்கு இல்லை. இதைத் தெரிந்துகொண்டு எடுத்தால் தப்பில்லை. கடன் வாங்கித்தான் அமெரிக்க டெஸ்ட் எடுக்க முடியும், கடன் வாங்கினால் ஐந்து வருட மாத்திரைக்கும் ஃபாலோ-அப்புக்கும் கை கடிக்கும் என்றால், நான் எடுக்க மாட்டேன். மாத்திரைதான் முதல்.

எடுப்பதென்று முடிவானால் சீக்கிரம் எடுங்கள். கீமோ வேண்டியிருந்தால் ஆபரேஷனிலிருந்து மூன்று மாதத்தைத் தாண்ட விடக் கூடாது.

கடைசியாக என் மேசைச் சமாச்சாரம். டெஸ்ட் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் பிளாக் நன்றாக இருந்தால்தான். கட்டியை வெளியே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். ஆறிலிருந்து 72 மணி நேரம் ஊற வேண்டும். எங்களுக்கு ஒருமுறை ஒரு சின்ன நர்சிங் ஹோமிலிருந்து கட்டி வந்தது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன், திங்கட்கிழமை மதியம் பையன் கொண்டுவந்து வைத்தான். டப்பாவைத் திறந்தால் கண் எரியவே இல்லை. ஃபார்மலின் என்றால் மூடியைத் திருகும்போதே மூக்கில் ஏறும். முகர்ந்து பார்த்தேன், சலைன், வெறும் உப்புத் தண்ணீர். மே மாதத்தில் மூன்று நாள். வெட்டினால் நடுவில் குழகுழவென்று இருந்தது. ஸ்லைடில் புற்று என்று மட்டும் சொல்ல முடிந்தது, ஈ.ஆர். சாயம்கூட நம்பும்படி ஏறவில்லை. ஆர்.என்.ஏ.-வைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த அம்மாவின் மகனும் உங்களைப் போலத்தான் டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

உங்கள் அம்மாவின் கட்டி ஏற்கெனவே மெழுகில் இருக்கிறது, ஆகவே அந்தக் கட்டம் முடிந்துவிட்டது. லேபுக்குப் போய், புற்று அதிகமாக உள்ள பிளாக்கின் எண்ணைப் பேத்தாலஜிஸ்ட்டிடம் எழுதி வாங்குங்கள். பிளாக் உங்கள் அம்மாவுடையது, கேட்டால் கொடுப்பார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பி ஒப்படைத்துவிடுங்கள், நாளைக்கே வேறு ஏதாவது பார்க்கத் தேவைப்படலாம். கொண்டுபோகும்போது கைப்பையில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அந்த மெழுகு அறுபது டிகிரிக்குள் உருகிவிடும்.